சேத்துக்க இறங்கின மாட்டை எதால எடுக்கிற: ஆக்களா, உழவு மெசினா, தண்ணி பம்மா, பெக்கோவா?

கச்சான் காத்து அடிச்சு குளம் வத்தத் தொடங்கினா எனக்கு போன் வரத் தொடங்கிரும். இந்தக் கிழமை மட்டும் ரெண்டு. ஒண்டு மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கத்துத் தம்பி ஒராள், எருமை நாகு வயிறு மட்டும் புதைஞ்சு நிக்குது, பக்கத்து வட்டையில (வயல்வெளியில) உழவு மெசின் நிக்குது, கொழுவி இழுக்கவா அண்ணன் எண்டு கேட்டான். மற்றது அம்பாறைப் பக்கம் சாகாமத்தில இருந்து, பசுமாடு, சாமத்தில விழுந்திருக்கு, பெக்கோ (மண் வெட்டுற மெசின்) வர பின்னேரம் ஆகுமாம், பாத்துக்கொண்டு நிக்கவா இல்லாட்டி ஆக்களச் சேத்து இழுக்கவா எண்டு. ரெண்டு பேருக்கும் நான் சொன்ன மறுமொழி வேற வேற, ஏனெண்டா ரெண்டு இடமும் வேற, ரெண்டு சேறும் வேற. போன்ல அவசரத்தில சொன்னதை இப்ப ஆறுதலா எழுதுறன், மாடு விழ முந்தி வாசிச்சு வச்சா நல்லம்.

எங்கட மாமாட பட்டியில ஒரு எருமை நிண்டது, நெத்தியில வெள்ளை, மூண்டாம் கண்டு போட்ட மாடு, அதுட பால்ல உறைஞ்ச தயிரைச் சட்டியோட கவிட்டாலும் விழாது. அது ஒருநாள் வாய்க்கால் முகத்துச் சேத்தில இறங்கிட்டு. நாங்க பத்துப் பேருக்கு மேல நிண்டம், எல்லாருக்கும் அவசரம், கழுத்தில நைலோன் கயித்தைப் போட்டு மெசினில கொழுவி இழுத்தம், அஞ்சு நிமிசத்தில வெளிய வந்துட்டு. எல்லாரும் கை தட்டினம். மறுகா அது எழும்பவே இல்ல. கழுத்து ஒரு பக்கம் கோணி, பின்னங்கால் ரெண்டும் தவளைக் கால் மாதிரி அகண்டு, மூண்டாம் நாள் விடிய செத்துக் கிடந்தது, கண்டு பக்கத்தில நிண்டு மடியை முட்டிக்கொண்டே நிண்டது. சேறு அதைக் கொல்லல்ல, நாங்க இழுத்த இழுவைதான் கொண்டது.

கொஞ்சக் காலத்துக்குப் பிறகு கனடாவில இருக்கிற மச்சான் ஒரு வீடியோ அனுப்பினான், உறைஞ்ச குளத்துக்கு மேல நடந்து போன குதிரை ஒண்டு ஐஸ் உடைஞ்சு தண்ணிக்க விழுந்து நிக்குது. 500 கிலோ பாரம் இருக்கிற மிருகம், முன்னங்காலைத் தூக்கித் தூக்கி ஐஸ் விளிம்பில வைக்குது, குளம்புக்குப் பிடி இல்ல, விளிம்பு திரும்பத் திரும்ப உடையுது. எடுக்க வந்த ஆக்கள் மிதக்கிற உடுப்புப் போட்டு, ஒவ்வொராளுக்கும் கயிறு கட்டி, கயித்துட மற்றத் தலைப்பைக் கரையில ஒராள் பிடிச்சிருக்க, நெஞ்சில படுத்துத் தவழ்ந்துதான் கிட்டப் போறாங்க. கழுத்தில இழுக்கல்ல, தலையில கட்டின கயிறு மூக்குத் தண்ணிக்கு மேல நிக்கிறதுக்கு மட்டும். முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சைச் சுத்தி அகலப் பெல்ட் போட்டு, குதிரையைப் பக்கவாட்டில சரிச்சு, ஐஸுக்கு மேலால வழுக்கி எடுத்தாங்க. சில இடங்கள்ல செயின்சோவால ஐஸை வெட்டி கரை மட்டும் வாய்க்கால் மாதிரி பாதை எடுத்துக் குடுப்பாங்களாம், கால் நிலத்தில முட்டினாப் பிறகு அது தானாவே நடந்து ஏறும் எண்டான். நான் அந்த வீடியோவை நாலஞ்சு தரம் பாத்தன். அங்க ஐஸ் காலுக்குப் பிடி குடுக்கிறதில்ல, இஞ்ச சேறு காலை விடுறதில்ல, ஆனா நாங்க விட்ட பிழை எது எண்டு அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது.

முதல்ல எதைப் பாக்கோணும்

எதால எடுக்கிற எண்டு யோசிக்க முந்தி நான் அஞ்சு விசயம் பாக்கிறனான். முதலாவது ஆக்களுட உயிர். குளத்தில முதலை இருக்கு, பொழுது பட்டா யானை தண்ணிக்கு இறங்கும், பயந்த எருமை கொம்பால வெட்டினா குடல் வெளிய வரும். மாட்டைப் பாத்தா மனசு பதறும்தான், எண்டாலும் ஒராள் தனிய இறங்கக் கூடா, இடுப்பில கயிறு இல்லாம இறங்கக் கூடா. ரெண்டாவது, எடுக்கிற விதத்தால மாட்டுக்கு என்ன முறியும், என்ன கிழியும். மூண்டாவது நேரம், மாடு எப்ப விழுந்தது, உதவி எப்ப வந்து சேரும். நாலாவது நிலம், வாகனம் கிட்டப் போகுமா, வரம்பு தாங்குமா. அஞ்சாவது காசு, வாடகைக் காசு மட்டுமில்ல, பிறகு வாற காசும்.

இன்னொண்டு விளங்கிக்கொள்ளோணும், மாட்டைப் பிடிச்சு வச்சிருக்கிறது அதுட பாரம் மட்டுமில்ல. சேத்துக்க போன காலைத் தூக்கேக்க குளம்புக்குக் கீழ காத்தும் தண்ணியும் போக வழியில்லாம வெற்றிடம் ஆகுது, அது காலை உறிஞ்சிப் பிடிக்கும். வட்டைக்க உங்கட கால் புதைஞ்சா என்ன செய்வீங்க, நேர மேல இழுத்தா செருப்புத்தான் கழண்டு போகும், அப்பிடி இப்பிடி ஆட்டினா "புளக்" எண்டு சத்தத்தோட காத்துப் பூந்து கால் வந்திரும். மாட்டுக்கும் அதேதான். உறிஞ்சிறதை உடைக்காம எவ்வளவு பலமா இழுத்தாலும் அந்தப் பலம் முழுக்க மூட்டிலயும் முள்ளந்தண்டிலயும்தான் போய் விழும்.

கயிறும் ஆக்களும்

காசில்லை, உடன வரும், ஊரில ஒரு சத்தம் போட்டா பத்துப் பேர் வந்து நிப்பாங்க. மனிசக் கைக்கு உணர்வு இருக்கு, மாடு முனகினா கை தானா இளகும், அந்தக் குணம் ஒரு மெசினுக்கும் இல்ல. முழங்கால் மட்டும் புதைஞ்ச மாடு, விழுந்து ஒண்டு ரெண்டு மணித்தியாலம் ஆன மாடு, கண்டு, சின்ன நாகு, இதுகளுக்கு இது போதும்.

பிழைக்கிறது கயித்தில. நைலோன் கயிறு பாரம் ஏறினா கத்திதான், தோலை அறுத்துக்கொண்டு போகும். லொறிக்காரர் சாமான் கட்டுற அகலப் பெல்ட் 4 இஞ்சி வந்தா நல்லம், இல்லாட்டி பழைய தீயணைப்புக் குழாய், அதுவும் இல்லாட்டி யூரியா பேக்கை நாலா மடிச்சு கயித்துக்குக் கீழ அணை குடுங்க. கழுத்தில, கொம்பில, வாலில, ஒத்தைக் காலில கட்டி இழுக்கவே கூடா. பெல்ட் முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சைச் சுத்தி வரோணும், மற்றது ஒண்டு பின் துடைக்குப் பின்னால. மடியில பெல்ட் படக் கூடா, கன்றுத்தாச்சி எண்டா வயித்திலயும் படக் கூடா. இழுக்கிற திசை மேல இல்ல, முன்னுக்கு, நிலத்தோட நிலமா. இடம் இருந்தா மாட்டைப் பக்கவாட்டில கொஞ்சம் சரிச்சு இழுங்க, ஒரு பக்கத்துக் கால் ரெண்டும் இளகி வரும்.

இதில மறைஞ்சு கிடக்கிற செலவு ஆக்களுட உடம்பு. சேத்துக்க நிண்டு இழுத்து இடுப்புப் பிடிச்சு ஒரு கிழமை வேலைக்குப் போகாத ஆள் எங்கட ஊரில இருக்கு. அதை விடப் பெரிசு எலிக்காய்ச்சல். மாடு நிண்டு மூத்திரம் பெஞ்ச சேறு அது, காலில சின்னக் கீறல் இருந்தாலே போதும். வயல் காலத்தில பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குடுக்கிற குளிசையைப் பத்தி அவரிட்டயே கேளுங்க, இறங்கின ஆக்களில ஆருக்கும் ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் நோ வந்தா பரசிட்டமோல் போட்டுக்கொண்டு வீட்டில படுக்காம ஆசுபத்திரிக்குப் போய், சேத்துக்க இறங்கினன் எண்டு வாயைத் திறந்து சொல்லோணும்.

உழவு மெசின்

எல்லாருக்கும் முதல்ல மனசில வாறது இதுதான், நானும் அண்டைக்கு இதைத்தான் செய்தன். வட்டைக்கு வட்டை நிக்குது, கூலி குறைவு, கேட்டா டீசலை மட்டும் வாங்கிக்கொண்டு வருவாங்க. ஆனா நாலுக்க ஆகப் பொல்லாதது இதுதான். டிரைவருக்கு மாடு தெரியா, பின்னால கயிறு மட்டும்தான் தெரியும், கிளச்சை விடேக்க ஒரு வெட்டு வெட்டும் பாருங்க, அந்த ஒரு வெட்டில இடுப்பு மூட்டுக் கழண்டிரும். கயிறு அறுந்தா சவுக்கு மாதிரிக் கிறுகி வந்து ஆள அடிக்கும். லேண்ட்மாஸ்டரை (ரெண்டு சில்லு உழவு மெசினை) ஈரத்தில இறக்கிப் பாத்தீங்களெண்டா தெரியும், மாட்டோட சேத்து அதையும் எடுக்க வேற மெசின் தேடோணும்.

அப்ப மெசின் வேண்டாமா எண்டா, இழுக்க வேண்டாம், கட்டையா வச்சிருங்க. மெசினைக் காஞ்ச இடத்தில நிப்பாட்டி, எஞ்சினை ஓப் பண்ணி, சில்லுக்குக் கல் குடுத்து, அதில செயின் புளொக்கை (கையால சங்கிலி இழுத்துப் பாரம் எடுக்கிற கப்பியை) கொழுவி கையால ஒவ்வொரு பல்லாக் கட்டுங்க. மேசன் ஆக்களிட்டயும் கராச்சிலயும் செயின் புளொக் இருக்கும். ஒரு தரத்துக்கு ஒரு சாண், நிப்பாட்டி மாட்டைப் பாக்கிற, மூச்சு எப்பிடி, கால் இளகுதா, மறுகா அடுத்த சாண். செயின் புளொக் இல்ல, மெசின் ஓடியே ஆகோணும் எண்டா மரத்தில கப்பி கட்டி, நீளக் கயிறு போட்டு, ஆகச் சின்னக் கியரில, மாட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிற ஒரே ஒராள் மட்டும் கை காட்டுற மாதிரிச் செய்யுங்க. கயிறு போற வழியில ஆரும் நிக்கக் கூடா. அதுவும் சேறை இளக்கினாப் பிறகுதான்.

மறைஞ்ச செலவு எண்டு பாத்தா இதில மாடுதான் செலவு. வெளிய வந்து எழும்பாத மாட்டுக்கு மருந்து, ஆள் கூலி, பிறகு குழி வெட்டுற கூலி.

தண்ணி பம்மும் பலகையும்

என்னிட்டக் கேட்டா நான் முதல்ல தேடுறது இதைத்தான், இதைப் பத்திக் கூடத் தான் எழுதப் போறன்.

வயல் செய்யிற வீட்டில 2 இஞ்சிப் பம் ஒண்டு இருக்கும். குழாய்த் தலைப்பில 1 இஞ்சிக் குழாய் 6, 7 அடி நீளத்துக்குப் பொருத்தினா சரி, கம்பிக் குழாய் எண்டா நேராப் போகும், பிளாஸ்டிக் எண்டா கொஞ்சம் வளையும். அதைக் காலோட ஒட்டி, காலில குத்தாம, மெல்லச் சேத்துக்க இறக்கிக்கொண்டு போக தண்ணி கீழ போய்ப் பீச்சும், குளம்படியில உறிஞ்சிக்கொண்டு நிக்கிற இடத்தில தண்ணி பூந்தா பிடி விட்டிரும். ஒவ்வொரு காலா, முன்னங்கால் ரெண்டும் முதல்ல. நீங்க பக்கத்தில நிண்டா சேறு கொப்புளிச்சு வாறது தெரியும், மாடு அந்தக் காலை அசைச்சுப் பாக்கும், அந்த அசைவைக் கண்டாப் பிறகு உடன இழுக்காதீங்க, மாட்டை விடுங்க, அது தானா உன்னும், உன்னேக்க மட்டும் பெல்டை இறுக்கிப் பிடிங்க, விடேக்க விட்டுக் குடுங்க. கடைசியா நான் நிண்ட இடத்தில ஒரு எருமை நாலாவது காலும் இளகினாப் பிறகு ரெண்டு நிமிசம் சும்மா நிண்டது, மூக்கை விரிச்சு பெரிய மூச்சு ஒண்டு விட்டது, பிறகு நெஞ்சைப் பலகையில வச்சு தானாவே ஏறினது, பெல்டில நாங்க நாலு பேர்தான்.

பலகை ரெண்டு வேலைக்கு. ஒண்டு நீங்க புதையாம நிக்க, மற்றது மாடு நெஞ்சை வச்சு ஏற. பிளைவுட், பழைய கதவு, வள்ளத்துப் பலகை எல்லாம் நல்லம். பலகை இல்லாட்டி தென்னோலையை ரெண்டு மூண்டு அடுக்குப் போட்டு மேல வைக்கலை விரிங்க, அதுவும் தாங்கும். தகரம் மட்டும் போடாதீங்க, விளிம்பு கால் நரம்பை அறுத்திரும்.

பிழைக்கிற இடமும் இருக்கு. தண்ணியைக் கூட விட்டா சேறு கஞ்சியாகி மாடு இன்னும் இறங்கும், அதால பெல்டைப் போட்டு இறுக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் பம்மைப் போடோணும். உறிஞ்சிற பக்கத்துக் குழாயில சேறு அடைக்கும், தலைப்பை ஒரு பழைய கூடைக்க வைங்க. பெரிய பயம் குளிர். தண்ணி காத்தை விட 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை இழுக்கும், ராவில, மாரியில, ஏற்கனவே நடுங்குற மாட்டுக்கு மேல மணிக்கணக்கில தண்ணி அடிக்க ஏலா. செலவெண்டு பாத்தா மண்ணெண்ணெய், பம்மைக் கழுவிச் சேவிஸ் பண்ற காசு, ஒரு மூண்டு மணித்தியாலப் பொறுமை. சுத்தி நிக்கிற ஆக்கள் "இழுடா இழுடா" எண்டு கத்துவாங்க, அந்த வாயை அடக்கிறதுதான் பெரிய பாடு.

பெக்கோ, எக்ஸ்கவேட்டர்

பெக்கோவை மாட்டைத் தூக்க எண்டுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. என்ட அனுபவத்தில அதால செய்யிற நல்ல வேலை தூக்கிறதில்ல, வெட்டுறது. மாட்டுக்கு முன்னால கரையில இருந்து சரிவா ஒரு பாதை வெட்டிக் குடுத்தா, கடைசி ரெண்டடியை மம்பட்டியால எடுத்தா, மாடு நடந்து ஏறும். அந்த வீடியோக்காரர் ஐஸில வெட்டின வாய்க்காலும் இதுவும் ஒரே வேலை.

தூக்கியே ஆகோணும் எண்டு வாறது கிணறு. கட்டுக்கிணத்துக்க, ஆழமான பூவலுக்க (மண் கிணத்துக்க) விழுந்த மாட்டை மற்ற மூண்டாலயும் எடுக்கிறது கஷ்டம். அப்ப ரெண்டு பெல்ட், முன்னங்காலுக்குப் பின்னால ஒண்டு, பின்னங்காலுக்கு முன்னால ஒண்டு, மேல ஒரு குறுக்குக் கம்பியில ரெண்டையும் அகட்டிக் கட்டோணும், இல்லாட்டி ரெண்டு பெல்டும் ஒண்டாக் கூடி நெஞ்சை நெரிக்கும். தொங்கிற நேரம் நிமிசக் கணக்கில முடியோணும், மூச்சு எடுக்க ஏலாம அதுக்குத் துடிக்கும். தலைக்கயிறு கரையில நிக்கிறவரிட்ட. கிணத்துக்க ஆள இறக்கிறதெண்டா விளக்கம் உள்ள ஆக்கள் வரும் மட்டும் பொறுங்க, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

மறைஞ்ச செலவு இதிலதான் கூட. வாடகை மணித்தியாலக் கணக்கு, ஆனா வாற போற நேரத்தையும் சேத்துத்தான் போடுவாங்க, செயின் எக்ஸ்கவேட்டர் எண்டா அதை ஏத்திக்கொண்டு வாற லோபெட் லொறி வாடகை தனி. சில்லுப் பெக்கோட கை 5, 6 மீற்றர்தான் எட்டும், மாடு 20 மீற்றர் உள்ளுக்கு நிண்டா அது கரையில நிண்டு பாத்துக்கொண்டு நிக்கும், கிட்டப் போனா அதுவே புதையும். குளக்கட்டில ஏத்துறதெண்டா வயல் தண்ணி விசயம் பாக்கிற வட்டைவிதானையையோ நீர்ப்பாசன ஆக்களையோ கேட்டுட்டு ஏத்துங்க, கட்டு உடைஞ்சா மாரிக்கு முழு வட்டையும் உங்கட பேரைச் சொல்லித்தான் திட்டும். ஓடுறவர் ஆர் எண்டதும் முக்கியம். அக்கரைப்பற்றுப் பக்கத்துக் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒராளை எனக்குத் தெரியும், பக்கெட் பல்லுக்குப் பழைய டயர் சுத்திக்கொண்டுதான் மாட்டுக்குக் கிட்டக் கொண்டு போவார். அப்பிடி ஒராள் கிடைச்சா நம்பலாம்.

எதால எடுத்தாலும் பிறகு வாற செலவு

வெளிய வந்த மாட்டைப் பக்கவாட்டில படுக்க விட்டுட்டு ஆக்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருவாங்க. அசை போடுற மிருகம் அப்பிடிக் கிடந்தா ஏப்பம் வெளிய வரா, வயிறு ஊதி நெஞ்சை அமத்திச் செத்திரும். நெஞ்சில இருத்துங்க, ரெண்டு பக்கமும் வைக்கல் மூட்டையோ மண் மூட்டையோ அணை குடுங்க, தலை மேட்டுப் பக்கம். ஒரே பக்கம் கனநேரம் கிடந்தா கீழ்த் துடைச் சதை இரத்தம் ஓடாம செத்துப் போகும், அதால ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்தோணும், ராவிலயும்தான். பின்னங்கால் அகலுற மாதிரித் தெரிஞ்சா ரெண்டு காலுக்கும் இடையில ஒண்டரை அடி இடம் விட்டு மெத்தையான துணியால தளை போடுங்க.

வாயில போத்தலால தண்ணி பருக்காதீங்க, ஏலாத மாட்டுக்கு அது நெஞ்சுக்க போயிரும். வாளியை முன்னால வைங்க, குடிக்கட்டும். பகல் எண்டா நிழல், எருமைக்கு வேர்வை குறைவு, கறுத்தத் தோல், வெயில் தாங்கா. ரா எண்டா சேத்தைக் கழுவித் துடைச்சு சாக்குப் போத்துங்க. 2022 டிசம்பர்ல மண்டோஸ் புயல் நேரம் வடக்கு கிழக்கில குளிருக்கு எத்தனை நூறு மாடு செத்தது எண்டு நாங்க கண்டம், நனைஞ்ச மாட்டுக்கு எங்கட ஊர்க் குளிரும் குளிர்தான்.

மிருக வைத்தியருக்கு மாடு வெளிய வந்தாப் பிறகு போன் எடுக்கிறது பிழை, சேத்துக்க நிக்கேக்கயே எடுங்க. நோவுக்கு ஊசி போட்டா சில மருந்துக்குக் கொஞ்ச நாள் பாலை விக்கக் கூடா, எத்தனை நாள் எண்டு அவரிட்டக் கேட்டு, தயிர் போடுற வீட்டுக்கும் சொல்லுங்க. அந்த நாளுக்குப் போற பால் காசையும் கணக்கில வச்சுத்தான் எதால எடுக்கிற எண்டு யோசிக்கோணும், மெசின் வாடகையில மிச்சம் பிடிச்ச காசை விட அது கூட.

அந்த ரெண்டு போனுக்கும் நான் சொன்னது

உன்னிச்சைத் தம்பிக்கு, மெசினைக் கட்டையா நிப்பாட்டு, வட்டைக்க இருந்து பம்மை எடுத்து வா, மாமாட லொறிப் பெல்டை வாங்கு எண்டன். பகல், பம் கிட்ட, சேறு களிச் சேறு, மாடு விழுந்து ரெண்டு மணித்தியாலம்தான். அவனுக்கு நாலு மணித்தியாலம் போச்சு, நாகு அண்டைக்குப் பின்னேரமே பட்டியோட நடந்தது.

சாகாமத்து ஆளுக்கு அப்பிடிச் சொல்ல ஏலாமப் போச்சு. மாடு சாமத்தில இருந்து நிக்குது, கன்றுத்தாச்சி, நடுக்கம் தொடங்கிட்டு, தண்ணி அடிக்கவும் ஏலா, பின்னேரம் மட்டும் நிக்கவும் ஏலா. பெக்கோவை வரச் சொல்லுங்க, வரும் மட்டும் சும்மா நிக்காம பலகையும் வைக்கலும் போட்டு மூண்டு பேர் இறங்கி கையாலயும் மம்பட்டியாலயும் முன்னங்காலைச் சுத்தித் தோண்டுங்க, முதுகில சாக்குப் போத்துங்க, தலையைப் பலகையில வைங்க எண்டன். பெக்கோ 3 மணிக்கு வந்தது, கரையில இருந்து சரிவு வெட்டினது, இழுக்கத் தேவைப்படல்ல. எழும்ப மட்டும் மாட்டுக்கு ரெண்டு நாள் பிடிச்சிட்டு, ராவில பக்கம் மாத்த மனிசனும் மனிசியும் மாறி மாறி முழிச்சிருந்திருக்காங்க. நேத்துக் காலையில அவர் எடுத்துச் சொன்னார், நாலு காலிலயும் நிண்டு வாளித் தண்ணியைத் தட்டி ஊத்திட்டாம்.